கை தேர்ந்த மெக்கானிக்குக்கு அலையும் பட்டறைகள்

திருமலைக்கு ஏறும் வண்டிக்கு 28 நிமிடம். இறங்கும் வண்டிக்கு 40 நிமிடம். இதற்குக் குறைந்த நேரத்தில் மலைப்பாதையைக் கடக்கக் கூடாது என்று தேவஸ்தானம் வகுத்திருக்கிறது. ஏறுவதற்குக் குறைவாகவும் இறங்குவதற்கு அதிகமாகவும் நேரம் வைத்திருப்பதைக் கண்டு வெளியூர் பக்தர்கள் சிலர் வியப்பதுண்டு. மோட்டார் பட்டறையில் கை அழுக்கானவர் வியக்க மாட்டார். ஏற்றத்தில் சோதனை எஞ்சினுக்கு. இறக்கத்தில் சோதனை பிரேக்குக்கு. எஞ்சின் மக்கர் செய்தால் வண்டி நின்று போகும். பிரேக் மக்கர் செய்தால் வண்டி நிற்காது.

இந்த மலை அடிவாரத்திலும், அங்கிருந்து சித்தூர் வரை நீளும் சாலையின் இரு பக்கத்திலும் உள்ள தனியார் பட்டறைகளுக்கு வேலைக்குக் குறைவில்லை. புரட்டாசியில் பிரம்மோற்சவம், மார்கழியில் வைகுண்ட ஏகாதசி, கார்த்திகை தொடங்கியதும் சபரிமலைக்குப் புறப்படும் வேன்கள், ஆனி ஆடியில் மாம்பழ லாரிகள், ஆண்டு முழுவதும் மதனப்பள்ளி தக்காளி என்று வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. சென்னையும் பெங்களூரும் வேலூரும் கைக்கெட்டும் தூரம். ஆகவே வண்டிக்குப் பஞ்சமில்லை, கூலிக்கும் பஞ்சமில்லை. பட்டறை முதலாளி அலைவதெல்லாம் ஆளுக்குத்தான். வண்டியை நம்பி ஒப்படைத்துவிட்டு அவர் ஒரு கலியாணத்துக்குப் போய் வரலாம் என்ற அளவுக்கு வேலை தெரிந்த ஒரே ஓர் ஆளுக்கு.

இரண்டாவது கை

இத்தகைய பட்டறைகளின் கதை அநேகமாக ஒன்றுபோல்தான் இருக்கும். முதலாளியே முதல் மெக்கானிக். யாரிடமோ பையனாகச் சேர்ந்து, திட்டு வாங்கி, தொழில் கற்று, பிறகு தகரக் கொட்டகை போட்டுத் தனியாகத் தொடங்கியவர். அவருடைய கைராசி பரவுகிறது. நாளுக்கு ஒரு வண்டி வந்த இடத்தில் மூன்று வருகிறது, பிறகு ஐந்து. இரண்டு ஹெல்பர்கள் சேர்கிறார்கள். டிங்கர் வேலைக்கு ஒருவர், எலக்ட்ரீஷியன் ஒருவர் என்று பக்கத்திலேயே இடம் பிடிக்கிறார்கள். தகரக் கொட்டகை கட்டடம் ஆகிறது. ஹாய்ஸ்ட் வருகிறது.

அதற்குப் பிறகுதான் சிக்கல். முதலாளி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்க வேண்டியதாகிறது. சாமான் வாங்க வேண்டும், இன்சூரன்ஸ் சர்வேயரோடு பேச வேண்டும், பாக்கி வசூலிக்க வேண்டும். எஞ்சினைத் திறந்து வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரும்வரை ஹெல்பர் காத்திருக்கிறான். வாடிக்கைக்காரர் வாசலில் நிற்கிறார். 'நீங்க பார்த்தாத்தாண்ணே சரி வரும்' என்று அவர் சொல்வது புகழ்ச்சிதான். ஆனால் அந்தப் புகழ்ச்சியே பட்டறையை வளரவிடாமல் கட்டிப் போடுகிறது.

கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக் கொள்வோம். ஒரு வேலைக்குக் கூலி 3,000 ரூபாய். ஆள் இல்லாமல் நாளுக்கு ஒரு வண்டி திரும்பிப் போனால், மாதம் 26 நாளில் 78,000 ரூபாய் வாசலோடு போய்விடுகிறது. இதே முதலாளிதான், நல்ல மெக்கானிக் ஒருவர் பேசிய சம்பளத்துக்கு மேல் ஐயாயிரம் கேட்டால் 'கட்டுப்படியாகாது' என்று கையை விரிக்கிறார். வாசலோடு போகும் பணம் எந்த நோட்டுப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. சம்பளம் மட்டும் மாதா மாதம் ஏறுகிறது.

பையன்கள் வருவதில்லை

முன்பு ஆளைத் தேட வேண்டியதே இல்லை. பள்ளிக்கூடம் பிடிக்காத பையனை மாமாவோ சித்தப்பாவோ கையைப் பிடித்துக் கொண்டுவந்து மேஸ்திரியிடம் விடுவார்கள். டீ வாங்கி வருவது, நட்டு போல்ட்டை மண்ணெண்ணெயில் கழுவுவது, சக்கரம் கழற்றுவது என்று படிப்படியாக ஏறி, ஏழெட்டு ஆண்டில் அவன் மெக்கானிக் ஆவான். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அடி உண்டு.

அந்த வழி அடைபட்டு விட்டது. அடைபட்டது நல்லதுதான். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பட்டறை வேலைக்கு வைப்பது குற்றம். 1986ஆம் ஆண்டின் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு இன்னும் கடுமையாயிற்று. பிள்ளைகளும் படிக்கிறார்கள். மெக்கானிக்குகளே தங்கள் மகனை இந்த வேலைக்கு அனுப்ப விரும்புவதில்லை என்பதைப் பட்டறைகளில் நின்று பேசினால் தெரிந்து கொள்ளலாம். கறுத்த நகக்கண்ணைக் காட்டி, 'இது எங்களோட போகட்டும்' என்பார்கள்.

தொழிற்சாலைகளும் இளைஞர்களை இழுத்துக் கொள்கின்றன. சத்தியவேடு பக்கம் ஸ்ரீ சிட்டியில் இசுஸு மோட்டார் தொழிற்சாலை 2016இல் தொடங்கியது. அதே வட்டாரத்தில் ஹீரோ மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் அப்போலோ டயர் தொழிற்சாலையும் 2020இல் உற்பத்தியைத் தொடங்கின. திருப்பதிக்கு அருகே கரகம்பாடியில் அமர ராஜா பாட்டரித் தொழிற்சாலை இருக்கிறது. தொழிற்சாலை என்றால் சீருடை, அழைத்துப் போக பஸ், கான்டீன் சாப்பாடு, மாதம் பிறந்தால் பாங்கிக் கணக்கில் சம்பளம். ஐ.டி.ஐ. முடித்த பையன் இதையும் பார்க்கிறான், வாசலில் எண்ணெய் தேங்கிய பட்டறையையும் பார்க்கிறான். எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்லத் தேவையில்லை.

மீதி இருக்கும் கை தேர்ந்தவர்களைப் பட்டறைக்காரர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் இழுத்துக் கொள்கிறார்கள். இதற்கு வழி 'அட்வான்ஸ்'. புதியவர் சேரும்போது ஒரு தொகையை மொத்தமாகக் கொடுப்பது வழக்கம். அதைக் கழிக்கும்வரை அவர் நகர முடியாது என்பது முதலாளியின் எண்ணம். எதிர்ப் பட்டறைக்காரர் அந்தத் தொகையைக் கட்டி ஆளை மீட்டுக் கொண்டு போவார். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வருவார். ஆள் மாற மாற அட்வான்ஸ் ஏறுகிறது; வேலை தேறுவதில்லை.

முதலாளிகள் தெரிந்து கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அவசரத்துக்குப் பணம் கொடுத்து, சீட்டில் எழுதி, சம்பளத்தில் சிறிது சிறிதாகப் பிடிப்பது வேறு. கடனைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது வேறு. இரண்டாவது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும். 'வேலையை விட்டபின் இந்த ஊரில் பட்டறை வைக்க மாட்டேன்' என்று முத்திரைத் தாளில் எழுதி வாங்குவோரும் உண்டு. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி அத்தகைய எழுத்து செல்லாது. தாளுக்கும் எழுத்துக்கும் ஆன செலவுதான் மிச்சம்.

அந்தக் காலத்துக் கோவை

இந்தச் சங்கடம் இன்று பிறந்ததல்ல. மோட்டார் வண்டி இந்நாட்டுக்கு வந்த நாளிலேயே, அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆள் எங்கே என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதற்கு விடை கண்டவர்களில் ஒருவர் கோவை ஜி.டி. நாயுடு. 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து அதன்மேல் ஆசை கொண்டார். கோவையில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதே மோட்டார் சைக்கிளை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் காரியம், அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றியது. பிறகு பூட்டினார். அதுவே அவருக்கு ஐ.டி.ஐ.

1920இல் பொள்ளாச்சி – பழனி பாதையில் ஒரே ஒரு பஸ். அதை அவரே ஓட்டினார். அந்த ஒன்று யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது. பஸ்கள் பெருகப் பெருகப் பழுது பார்க்க ஆள் வேண்டுமே! ஊரில் ஆயத்தமாக மெக்கானிக் யாரும் காத்திருக்கவில்லை. பஸ் வைத்திருந்தவரே பட்டறையும் வைக்க வேண்டியிருந்தது. ஆளையும் உருவாக்க வேண்டியிருந்தது. மதுரையில் 1912 வாக்கில் பஸ் விட்ட டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனமும் வளர்ந்த வழி ஏறக்குறைய இதுதான்.

1945இல் கோவையில் தொழிற்பயிற்சிப் பள்ளி தொடங்க நாயுடு பொருளுதவி செய்தார். அப்போதைய சென்னை கவர்னர் சர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் அது அமைந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1944இல், திருமலைக்கு முதல் மலைப்பாதையைத் திறந்து வைத்தவரும் இதே ஹோப்தான். அந்நாளில் சித்தூர் ஜில்லாவும் சென்னை மாகாணத்தில் சேர்ந்ததுதானே! பாதை ஒரு புறம், பாதையில் ஓடும் வண்டியைப் பழுது பார்க்கும் படிப்பு இன்னொரு புறம் என்று அடுத்தடுத்து வந்திருக்கின்றன.

அந்தப் படிப்பு விஷயத்தில் நாயுடுவுக்கும் ஆங்கில அரசுக்கும் ஒத்துப் போகவில்லை. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டு வேண்டும் என்றது அரசு. அது காலவிரயம், இரண்டு ஆண்டே ஏராளம் என்றார் நாயுடு. அவர் பேச்சு எடுபடவில்லை, பொறுப்பிலிருந்து விலகினார். அவர் சொன்னது எல்லாப் படிப்புக்கும் பொருந்துமா என்பது வேறு விஷயம். கையால் செய்யும் தொழிலைக் கையில் கொடுத்துக் கற்றுக் கொடுத்தால் விரைவில் வரும் என்பதைத் தன்னையே சாட்சியாக வைத்துச் சொன்ன மனிதர் அவர். ஆயத்த மெக்கானிக் கிடைக்கவில்லை என்று வருந்தும் சித்தூர் முதலாளி இதை நினைத்துப் பார்க்கலாம்.

காதுக்கு எட்டாத கோளாறு

முன்பு மேஸ்திரி என்றால் காதுதான். அம்பாசிடரின் பானெட்டைத் திறந்து, நீளமான ஸ்குரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சின்மேல் வைத்து மறுமுனையில் காதை வைப்பார். 'டேப்பட் சத்தம்', 'பேரிங் போச்சு' என்பார். தப்பாது. அந்த வித்தை இன்றும் வீண் போகவில்லை. ஆனால் அது மட்டும் போதாது.

2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ்.4 விதி வந்தது. மூன்றே ஆண்டில், 2020 ஏப்ரலில், பி.எஸ்.6 வந்துவிட்டது. டீசல் வண்டியில் பழைய பம்பு போய்க் காமன் ரெயில் வந்தது. புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. லாரிக்கு டீசலோடு ஆட்புளூ என்ற திரவமும் ஊற்ற வேண்டியிருக்கிறது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்கேனரைச் செருகிப் படிக்க வேண்டும். படித்தால் மட்டும் போதுமா? ஸ்கேனர் ஓர் எண்ணைச் சொல்லும். எந்த ஒயர், எந்த சென்சார், எந்த ஹோஸ் என்று தேடிப் பிடிப்பது ஆள்தான். எண்ணைப் பார்த்ததும் அந்தச் சாமானை மாற்றி பில் போடுபவரை மெக்கானிக் என்று அழைப்பது அந்தச் சொல்லுக்குச் செய்யும் மரியாதையல்ல.

ஆக, இன்று பட்டறை தேடும் ஆளுக்குக் காதும் வேண்டும், ஸ்கேனரும் தெரிய வேண்டும். முதல் வித்தை தெரிந்தவருக்கு ஐம்பது வயது. இரண்டாவது தெரிந்தவனுக்கு இருபத்து மூன்று. இரண்டும் ஒரே உடம்பில் கிடைப்பது அரிது. கிடைத்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரோ வளைகுடா நாடோ முந்திக் கொள்ளும். ஒரே ஆளில் தேடி ஓராண்டு வீணாக்குவதைவிட, இரண்டு ஆளாக எடுத்து ஒரே ஹாய்ஸ்டின் கீழ் நிறுத்துவது விவேகம். போக்குவரத்துக் கழக டிப்போக்களில் ஓய்வு பெற்ற மெக்கானிக்குகள் சித்தூரிலும் திருப்பதியிலும் இருக்கிறார்கள். கியர்பாக்ஸைத் தூக்கும் வலு அவர்களுக்கு இல்லாதிருக்கலாம். வெளியே போகும் வண்டியைப் பார்த்துச் சரி சொல்ல வலு தேவையில்லை.

கேள்வி கேட்பது யார்?

நல்ல மெக்கானிக் ஒருவர் வேறு பட்டறைக்கு மாறலாமா என்று யோசிக்கும்போது பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"வாங்க மேஸ்திரி, உக்காருங்க. அங்கே என்ன தர்றாங்க?"

"அதைச் சொன்னா அதுக்கு மேல ரெண்டாயிரம் போடுவீங்க, முதலாளி. அது கிடக்கட்டும். ஸ்கேனர் இருக்கா?"

"வாங்கணும்."

"டார்க் ரெஞ்ச்?"

"ஒண்ணு இருந்தது…"

"வாடிக்கைக்காரர் அவசரப்பட்டா, லைனிங் மாத்தாம அனுப்புன்னு சொல்வீங்களா?"

கடைசிக் கேள்விக்கு முதலாளி உடனே பதில் சொல்லத் தயங்கினால், மெக்கானிக் டீயைக் குடித்துவிட்டு எழுந்து விடுவார். சம்பளம் போதாமல் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி வெளியே சொல்லிக் கொள்வார்.

முதலாளி ஆளைத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறார். கை தேர்ந்தவரோ பட்டறையைத் தேர்ந்தெடுக்கிறார். அவர் பார்ப்பது என்ன? சாமான் வைக்க இடம், சுத்தமான மேஜை, மழையில் நனையாத கூரை, குழியில் படுக்காமல் நின்று வேலை செய்ய ஹாய்ஸ்ட், வாரம் ஒரு நாள் லீவு. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடமென்றால் இ.எஸ்.ஐ. இதற்கெல்லாம் மேலாக, தான் 'வண்டி ஓடத் தகுதியில்லை' என்று சொன்னால் முதலாளி அதைக் கேட்பாரா என்பது. அடிவாரத்தில் தொழில் செய்யும் பட்டறைக்கு இந்தக் கடைசி விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது.

அது எப்படி என்று பார்ப்போம். கார்களிலும் வேன்களிலும் பிரேக்கை இயக்குவது ஆயில். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக் கொள்ளும் தன்மையது. டாட் 3 வகைப் புது ஆயில் கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி சூடு வேண்டும். ஈரம் இழுத்த பழைய ஆயிலுக்கு 140 டிகிரியே போதும் என்ற அளவுக்கு அந்த வரம்பு இறங்கிவிடும். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு பெடலை மிதித்தபடியே இறங்கினால் டிரம்மும் டிஸ்க்கும் கொதிக்கின்றன. அந்தச் சூடு ஆயிலுக்கு ஏறுகிறது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அமுக்கலாம், அது பிரேக்கைத் தள்ளாது. பெடல் பஞ்சுபோல் கீழே இறங்கும். டிரைவருக்குத் தெரிவது அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றினால் இந்த ஆபத்து பெரும்பாலும் விலகும். செலவும் சொற்பம். ஆனால் வண்டியைப் பார்த்தால் ஆயில் பழையது என்று தெரியாது. டிரைவரும் கேட்க மாட்டார். கேட்காமலே பார்க்கும் மெக்கானிக் வேண்டும். ஏற்றத்துக்கு ஏறும் இரண்டாவது பாதை 1974இல் வந்தது. முதல் பாதை இன்று இறங்குவதற்கு. அந்தப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு இறங்கும் பக்தர், பட்டறையில் வேலை பார்த்தவரின் முகத்தைப் பார்த்ததுகூட இல்லை.

சோதிக்கும் விதம்

ஆளைச் சோதிக்கச் சான்றிதழைப் புரட்டுவதில் அதிகப் பயனில்லை. மோட்டார் வெஹிகிள் மெக்கானிக் பிரிவு ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டுப் படிப்பு. டீசல் மெக்கானிக் ஓர் ஆண்டு. அது அடித்தளம். 'எத்தனை வருஷ அனுபவம்?' என்ற கேள்வியும் அப்படியே. பத்து ஆண்டு அனுபவம் என்பவரிடம் சில சமயம் ஓராண்டு அனுபவமே பத்து முறை இருக்கும்.

வண்டியைக் கொடுத்துப் பார்ப்பதே வழி. மூன்று நாள் வேலை. மூன்று நாளுக்கும் கூலி. கூலி இல்லாமல் 'டிரையல்' பார்ப்பது நல்ல ஆளை வாசலிலேயே விரட்டும் உபாயம். 'மலையில் இழுக்கவில்லை' என்று வந்த டீசல் வேன் ஒன்றை விடலாம். ஒருவர் உடனே இன்ஜெக்டரைக் கழற்றத் தொடங்குவார். இன்னொருவர் முதலில் டிரைவரைக் கூப்பிட்டு, எந்த கியரில், எவ்வளவு பாரத்தில், எப்போதிலிருந்து என்று கேட்பார். பிறகு ஏர் பில்டரைத் திறப்பார், டீசல் பில்டரைப் பார்ப்பார், டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸைக் கையால் தடவி வெடிப்பைத் தேடுவார். கிளட்ச் வழுக்குகிறதா என்று ஓட்டிப் பார்ப்பார். இன்ஜெக்டர் பக்கம் கடைசியில்தான் வருவார். இரண்டாமவரை விடக் கூடாது.

இன்னும் சில அறிகுறிகள் உண்டு. கழற்றிய போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையில் தட்டில் அடுக்குகிறாரா? சக்கர நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்குகிறாரா? ஹெல்பர் தவறு செய்தால் ஸ்பானரை வீசுகிறாரா, காட்டிக் கொடுக்கிறாரா? 'இது எனக்குத் தெரியாது, புத்தகம் பார்க்கணும்' என்ற சொல் மூன்று நாளில் ஒரு முறையாவது வாயில் வருகிறதா? வண்டிகள் ஆண்டுக்காண்டு மாறும் காலத்தில், தெரியாது என்று சொல்லாதவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மொழி ஒரு தடையல்ல. சித்தூர் 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர உறவுகள் நகரவில்லை. பன்னிரண்டு–பதிமூன்று ஸ்பானரைக் கேட்டால் தமிழ் ஹெல்பரும் தெலுங்கு ஹெல்பரும் ஒன்றையேதான் நீட்டுகிறார்கள். மேஸ்திரி என்ற சொல் இரு மொழிக்கும் பொது. வேலூரிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் ஆள் வரலாம். காட்பாடி, சித்தூர், பாகாலா, திருப்பதி என்று ரயில் இருக்கிறது. சித்தூர் வரை தினம் வந்து போவோரும் உண்டு. திருப்பதி என்றால் குடியிருந்தாக வேண்டும். வாடகை அங்கே கடுமை. சம்பளம் பேசும்போதே வீட்டைப் பற்றியும் பேசும் முதலாளிக்கு ஆள் கிடைக்கிறது.

வளர்த்தெடுத்தல்

தேடுவதோடு வளர்ப்பதும் நடக்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு அது கட்டாயம். 4 முதல் 29 பேர் உள்ள இடங்கள் விரும்பினால் அப்ரண்டிஸ் எடுத்துக் கொள்ளலாம். 2016இல் தொடங்கிய தேசிய அப்ரண்டிஸ் ஊக்கத் திட்டத்தில், உதவித் தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசே ஏற்றுக் கொள்ள வகை செய்யப்பட்டது. ஐந்து பேர் வேலை செய்யும் சித்தூர் பட்டறைக்கு இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. அங்கே எட்டிப் பார்ப்பவர் குறைவு. காகித வேலைக்கு அஞ்சுகிறார்கள். ஹெல்பர் போதும், அப்ரண்டிஸ் எதற்கு என்கிறார்கள்.

'கற்றுக் கொடுத்தால் எதிரிலேயே கடை போட்டு விடுவானே!' என்பது இதைவிடப் பெரிய அச்சம். சிலர் போடத்தான் செய்வார்கள். முதலாளியும் ஒரு காலத்தில் தன் மேஸ்திரிக்கு எதிரில் அப்படிப் போட்டவராகத்தான் இருப்பார்! கற்றுக் கொடுக்காமல் வைத்திருந்தால் அவன் போக மாட்டான் என்பது உண்மை. வேலையும் தெரியாமல், போகவும் போகாமல் பதினைந்து ஆண்டு இருப்பான். எது நஷ்டம் என்று முதலாளியே கணக்குப் போட்டுக் கொள்ளலாம். கை தேர்ந்தவரை நிறுத்தி வைக்க, சம்பளத்தோடு கூலியில் ஒரு பங்கு என்று பேசிக் கொள்ளும் பட்டறைகள் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை வேண்டும். கோளாறு தீராமல் திரும்பி வரும் வண்டிக்குப் பங்கு கிடையாது. இல்லாவிட்டால் எண்ணிக்கை ஏறும். பிரேக் லைனிங்கைப் பார்க்க நேரம் இருக்காது.

ஆளோடு பேச ஏற்ற காலம் எது என்பதும் முக்கியம். புரட்டாசிக் கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று ஆவணியில் கிளம்பும் முதலாளிகள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கை தேர்ந்த மெக்கானிக் என்பவர் அநேகமாக முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர். மனைவி மக்கள் உள்ளவர். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. நடு ஆண்டில் பிள்ளையின் டி.சி.யை வாங்கிக் கொண்டு ஊர் மாற எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள். மார்ச், ஏப்ரலில் பேசி, மூன்று நாள் வண்டியைக் கொடுத்துப் பார்த்து, மே மாதத்துக்குள் வீடு பிடித்துக் கொடுத்தால், மாம்பழ லாரிகள் வரும்போது ஆள் ஹாய்ஸ்டின் கீழ் நிற்பார்.